மைனஸ் 30 டிகிரியில் வேட்டைக்குப் போகும் ஊர்... காலில் என்ன போடுகிறார்கள்?

வட கனடாவின் பாஃபின் தீவில் இக்காலுயிட் என்றொரு நகரம். அங்கே ஒரு சாலைக்கு 'எங்கும் போகாத சாலை' என்று பெயர். பெயருக்கு ஏற்றபடியே ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர் ஓடி, பாறையும் பனியுமாகக் கிடக்கும் வெட்டவெளியில் நின்றுவிடுகிறது.

அந்தச் சாலை மட்டுமல்ல, இக்காலுயிட்டிலிருந்து வேறு எந்த ஊருக்கும் சாலை கிடையாது. கனடாவின் தலைநகர் ஒட்டாவாவிலிருந்து விமானத்தில் சுமார் மூன்று மணி நேரம் பறந்துதான் வர வேண்டும். கோடையில் கடல் உருகும் சில மாதங்கள் மட்டும் சரக்குக் கப்பல்கள் வரும். அரிசி, மாவு, கார், கட்டில் எல்லாம் அதில்தான்.

சாலை முடிகிற இடத்தில் வேட்டை நிலம் ஆரம்பமாகிறது. அங்கே போக ஸ்னோமொபைல் உண்டு, நாய் வண்டி உண்டு. ஆனால் இறங்கி நிற்பது கால்களில்தான். அந்தக் கால்களுக்கு என்ன போடுவது என்பது இங்கே ஃபேஷன் சமாச்சாரம் இல்லை. விரல்கள் பத்தும் வீடு திரும்புமா என்ற கேள்வி.

மீன்கள் நிறைந்த இடம்

'இக்காலுயிட்' என்றால் இனுக்டிடுட் மொழியில் மீன்கள் நிறைந்த இடம். 1987 வரை இதன் பெயர் ஃப்ரோபிஷர் பே. 1576ல் சீனாவுக்குக் குறுக்கு வழி தேடி இந்தப் பக்கம் வந்த ஆங்கிலேய மாலுமி மார்ட்டின் ஃப்ரோபிஷரின் பெயர் அது. அவருக்கு வழி கிடைக்கவில்லை. தங்கம் என்று நம்பிக் கப்பல் கப்பலாக ஏற்றிப்போன கறுப்புக் கற்களும் வெறும் கற்களாகவே முடிந்தன.

1999 ஏப்ரல் 1ஆம் தேதி 'நூனவுட்' என்ற தனி ஆட்சிப் பகுதி பிறந்தபோது இந்த ஊர் அதன் தலைநகரானது. நூனவுட் என்றால் 'நம் நிலம்'. பரப்பு சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு விரிந்து கிடக்கும் இந்தப் பகுதியில் 25 ஊர்கள்தான். 2021 கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள்தொகை நாற்பதாயிரத்துக்கும் கீழே. இக்காலுயிட்டில் மட்டும் 7,429 பேர். பெரும்பாலானவர்கள் இனுயிட் மக்கள். பழைய பாடப் புத்தகங்களில் 'எஸ்கிமோ' என்று படித்தோமே, அவர்கள்தான். அந்தப் பெயரை அவர்களில் பலர் இன்று விரும்புவதில்லை.

பிப்ரவரியில் இங்கே சராசரி வெப்பநிலை மைனஸ் 27 டிகிரியை ஒட்டி இருக்கும். காற்றும் சேர்ந்தால் உடம்புக்கு மைனஸ் 40 போலத் தோன்றும் நாட்கள் சாதாரணம். அது செல்சியஸா, ஃபாரன்ஹீட்டா என்று கேட்கத் தேவையில்லை. மைனஸ் 40ல் இரண்டு அளவுகோலும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொள்கின்றன!

அசையாமல் நிற்பதே வேட்டை

இவ்வளவு குளிரில் வேட்டை எதற்கு? சாப்பாட்டுக்கு. கடைகளில் எல்லாம் கிடைக்கும். ஆனால் விமானத்திலோ கப்பலிலோ வந்த பொருட்கள் என்பதால், பலவற்றின் விலை தென் கனடாவைவிட இரண்டு மூன்று மடங்கு வரை இருக்கும். ஒரு சீல் (கடல்நாய்) கிடைத்தால் அது ஒரு வீட்டுக்கு மட்டும் போவதில்லை. உறவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் பங்கு போகும். கரிபூ என்னும் பனிமான், ஆர்க்டிக் சார் என்னும் மீன், சீல் இறைச்சி எல்லாம் அவர்களுக்கு 'நாட்டுச் சாப்பாடு'.

குளிர்காலத்தில் கடல் மேலே கட்டியாக உறைந்துவிடும். அடியில் வாழும் சீல், மூச்சுவிடுவதற்காக நகங்களால் சுரண்டிச் சுரண்டிச் சில துளைகளை மூடாமல் வைத்திருக்கும். வேட்டைக்காரர் ஏதாவது ஒரு துளையின் அருகே போய் நிற்பார். சீலுக்குப் பல துளைகள் உண்டு. எந்த நேரத்தில் எந்தத் துளைக்கு வரும் என்பது யாருக்கும் தெரியாது. அரை மணி நேரம் ஆகலாம். பல மணி நேரமும் ஆகலாம்.

அதுவரை அசையக் கூடாது. கடுங்குளிரில் பனி காய்ந்து இறுகியிருக்கும். கால் வைத்தால் 'கிறீச்' என்று சத்தமிடும். அந்தச் சத்தம் ஐஸ் வழியாகக் கீழே இறங்கினால் சீல் வேறு துளைக்குப் போய்விடும். அதனால் அந்தக் காலத்தில் காலுக்கடியில் ஒரு துண்டு ரோமத் தோலைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். கரடித் தோலின் ரோமத்தை அடிப்பாகத்தில் வைத்துத் தைத்த மேலுறைகளும் உண்டு. குளிரும் ஏறாது, சத்தமும் வராது.

நடக்கிறவரின் கால் தானாகவே சூடாகும். நிற்கிறவரின் காலுக்கு அந்த உதவி இல்லை. குளிரில் உடம்பு முதலில் காப்பாற்ற நினைப்பது இதயத்தையும் மூளையையும்தான். கை, கால் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். அதனால்தான் வேட்டைக் காலணி மலையேறும் காலணியிலிருந்து வேறுபடுகிறது. அது அசையாமல் நிற்கும் மனிதனுக்காகச் செய்யப்பட்டது.

வெளியே பனி, உள்ளே வியர்வை

காலைக் குளிர வைப்பது வெளியே இருக்கும் பனி மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உள்ளேயும் ஒரு எதிரி உண்டு. வியர்வை.

1950 நவம்பர், டிசம்பரில் கொரியாவின் சோசின் நீர்த்தேக்கப் பகுதியில் நடந்த போர் இதற்கு ஒரு கொடிய பாடம். அமெரிக்க வீரர்கள் போட்டிருந்தது ரப்பர் அடிப்பாகமும் தோல் மேல்பாகமும் கொண்ட காலணி. உள்ளே கம்பளி ஃபெல்ட் அட்டை. நடக்கும்போது கால் வியர்த்தது. ரப்பரைத் தாண்டி ஈரம் வெளியேற முடியவில்லை. நின்றதும் அந்த ஈரமே உறைந்தது. ஏராளமானவர்களின் பாதங்கள் பனிக்கடியால் பாதிக்கப்பட்டன.

அதன் பிறகு வந்ததுதான் இரண்டு ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே கம்பளியை வைத்து முழுக்க மூடிய ராணுவக் காலணி. வெளி ஈரமும் கால் வியர்வையும் அந்தக் கம்பளியைத் தொட முடியாது. கால் ஈரமானாலும் கதகதப்பு போகாது. முயல் பாதம் போலப் பெரிதாக, வெள்ளையாக இருக்கும் இதன் ஒரு வகைக்கு 'பன்னி பூட்ஸ்' என்று செல்லப் பெயர். மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே தாங்கும் என்பது கணக்கு. அலாஸ்காவில் இன்றும் பலர் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

காமிக் என்னும் அதிசயம்

இனுயிட் பெண்கள் இதே சிக்கலுக்கு ரப்பரே இல்லாத காலத்தில் விடை கண்டுவிட்டார்கள். அதன் பெயர் 'காமிக்'. ஒற்றைக் காலணி என்றால் காமிக். இரண்டு என்றால் காமீக். அதற்கு மேல் போனால் காமீட். ஒருமை, பன்மைக்கு நடுவே இரண்டைச் சொல்வதற்கென்றே தனி வடிவம் வைத்திருக்கும் மொழி அது.

காமிக்கில் முக்கியமாக இரண்டு வகை. உலர்ந்த கடுங்குளிருக்கு கரிபூ தோல். கரிபூவின் ஒவ்வொரு மயிருக்குள்ளும் நுண்ணிய காற்று அறைகள் உண்டு. அடைபட்ட காற்று சூட்டை வெளியே விடாது. அதிலும் கால் பகுதித் தோலில் மயிர் குட்டையாகவும் உறுதியாகவும் இருக்கும் என்பதால், காலணிக்கு அதைத்தான் எடுப்பார்கள். உள்ளே ரோமம் காலைத் தொடும்படி ஒரு காலுறை, அதற்கு மேல் ரோமம் வெளியே தெரியும்படி காலணி. குளிர் கூடக் கூட அடுக்கும் கூடும்.

வசந்த காலத்தில் பனி இளகி, ஐஸின் மேல் தண்ணீர் நிற்க ஆரம்பித்தால் கரிபூ தோல் உதவாது. அப்போது சீல் தோல். மேல்பாகத்துக்கு வளைய சீல், அடிப்பாகத்துக்குத் தடித்த தோலுடைய தாடி சீல். இக்காலுயிட் கடற்கரையில் இதன் தேவை இன்னும் அதிகம். இந்த வளைகுடாவில் கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே 11 மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். கரையோர ஐஸ் நாள்தோறும் உயர்ந்து, தாழ்ந்து, விரிசல் விடும். அந்த விரிசல் வழியே தண்ணீர் மேலே வரும். கடலுக்குள் இறங்குவதற்கு முன்பே கால் நனைய வாய்ப்பு உண்டு.

தண்ணீர் புகாமல் தைப்பதுதான் இதில் பெரிய வித்தை. ஊசி தோலை முழுக்கத் துளைக்கக் கூடாது. பாதித் தடிமன் வரை போய், பக்கவாட்டில் வெளியே வர வேண்டும். உள்ளிருந்து ஒரு வரிசை, வெளியிலிருந்து ஒரு வரிசை. இரண்டுமே மறுபக்கம் எட்டிப் பார்க்காது. நூல், கரிபூவின் முதுகுத் தசைநாண். நனைந்தால் அது உப்பி, ஊசித் துளையைத் தானே அடைத்துவிடும். இப்போது பல பெண்கள் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு நூலைக்கூடப் பயன்படுத்துகிறார்கள். அதுவும் உறுதிதானே!

விறைத்த தோலைப் பல்லால் மென்று மென்று இளக்கி, விரல் முனையிலும் குதிகாலிலும் சின்னச் சின்ன மடிப்புகளாக வளைத்தெடுப்பது பாட்டிமார்களின் வேலையாக இருந்தது. காலையில் கணவன் வேட்டைக்குக் கிளம்பும் முன், இரவில் காய்ந்து விறைத்த காலணியை மறுபடி மென்று கொடுப்பதும் அவர்கள்தான். ஒரு தையல் விட்டுப்போனால் ஒரு விரல் போகலாம். வேட்டை என்றதும் ஈட்டியும் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வரும். ஊசிக்கும் அதில் சரிபாதிப் பங்கு உண்டு.

அமுண்ட்சென் கற்ற பாடம்

நார்வேயின் ரோல்ட் அமுண்ட்சென் 1903ல் தொடங்கிய பயணத்தில், இன்றைய நூனவுட்டில் உள்ள ஜோவா ஹேவனில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தங்கினார். அங்கிருந்த நெட்சிலிக் இனுயிட் மக்களிடம் ரோம உடைகளை எப்படி அணிய வேண்டும் என்று கற்றுக்கொண்டார். இறுக்கமாகப் போடக் கூடாது, உள்ளே காற்றுக்கு இடம் வேண்டும், வியர்க்க விடக் கூடாது என்பதே அதன் சாரம்.

1911 செப்டம்பரில் தென் துருவம் நோக்கி அவசரப்பட்டுக் கிளம்பிய அவரது குழு, சிலரின் குதிகால்கள் பனியால் பாதிக்கப்பட்டதால் திரும்பி வந்தது. விறைப்பான பனிச்சறுக்குக் காலணிகளை மறுபடி பிரித்து, உள்ளே இடம் பெரிதாக்கினார்கள். அக்டோபரில் மீண்டும் கிளம்பி, டிசம்பர் 14 அன்று துருவத்தைத் தொட்டார்கள்.

கடையில் வாங்கும்போது

இன்று இக்காலுயிட்டில் எல்லோரும் காமிக் போடுவதில்லை. தொழிற்சாலைக் காலணிகளும் நிறையவே உண்டு. வெளியே ரப்பரும் தோலும் அல்லது நைலானும், உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய ஃபெல்ட் உறை. 1962ல் ஒன்டாரியோவின் கிச்சனர் நகரில் பிறந்த 'சோரல்' இந்த வகையைப் பிரபலமாக்கியது. 'காமிக்', 'பாஃபின்' என்ற பெயர்களிலேயே தென் கனடாவில் காலணிக் கம்பெனிகள் உள்ளன. பொருள் தெற்கே தயாரானாலும் பெயர் வடக்கிலிருந்து வந்தது.

குளிர்ப் பிரதேசத்துக்குக் காலணி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இவை:

* வேலை என்ன? நிறைய நடக்க வேண்டுமா, ஒரே இடத்தில் நிற்க வேண்டுமா? தின்சுலேட் போன்ற செயற்கைப் பஞ்சு வைத்த காலணிகளில் 200, 400, 800, 1000 கிராம் என்று எண் இருக்கும். அது காலணியின் எடை அல்ல. ஒரு சதுர மீட்டர் பஞ்சின் எடை. நடப்பவருக்கு 200, 400 போதும். கடுங்குளிரில் அசையாமல் இருப்பவருக்கு 800, 1000. அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று நினைத்து நடப்பதற்கு 1000 வாங்கினால் கால் வியர்க்கும். பிறகு அதே வியர்வை குளிரும்.
* 'மைனஸ் 40' முத்திரை: அளக்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. பெரும்பாலும் கால் அசைந்துகொண்டிருக்கும் என்ற கணக்கில் போட்ட எண் அது. நிற்பவர்கள் அதை அப்படியே நம்பக் கூடாது.
* அளவு: தடித்த கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். விரல்களை உள்ளே ஆட்ட முடிய வேண்டும். இறுகினால் ரத்த ஓட்டம் குறையும். இருக்கும் காலணிக்குள் இன்னொரு காலுறையைத் திணிப்பது குளிரை வரவழைக்கும் வேலை.
* அடிப்பாகம்: ஐஸில் நிற்கும்போது சூடு அதிகம் போவது கீழ்வழியாகத்தான். தடித்த அடிப்பாகம், உள்ளே கூடுதலாக ஒரு ஃபெல்ட் அட்டை அவசியம்.
* உள்ளுறை: கழற்றக்கூடியதாக இருந்தால் நல்லது. இரவில் தனியே எடுத்து உலர்த்தலாம். மாற்று உறை ஒன்று இருந்தால் மறுநாள் கவலையில்லை.
* காலுறை: பருத்தி வேண்டவே வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும்.

இது வேட்டைக்காரர்களுக்கு மட்டும் இல்லை. டொரன்டோவில் ஜனவரி மாதக் காலையில் பேருந்துக்குக் காத்து நிற்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கணக்கு இதேதான். அவர்களும் அசையாமல்தானே நிற்கிறார்கள்!

விரல் மரத்தால்...

முதலில் வலிக்கும். பிறகு வலி நின்றுவிடும். அதை நிம்மதி என்று நினைத்துவிடக் கூடாது. அதுதான் அபாய அறிகுறி. தோல் வெளுத்து, மெழுகு போல ஆகும். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, பனியை வைத்து உரசவே கூடாது. நெருப்பில் காட்டுவதும் தவறு. மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. கதகதப்பான இடத்துக்கு வந்தபின் 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் காலை வைத்துவிட்டு, மருத்துவரைப் பார்க்க வேண்டும். மறுபடி உறைந்துவிடும் சூழ்நிலை இருந்தால் அங்கேயே உருக்காமல் விடுவதே மேல். உருகி மீண்டும் உறைந்தால் பாதிப்பு அதிகம்.

தோல் எங்கே, தைக்கும் கை எங்கே?

காமிக் எவ்வளவுதான் நல்லதானாலும், அதற்குத் தோல் வேண்டும். அங்கேதான் சிக்கல். 1983ல் ஐரோப்பிய நாடுகள் வெள்ளை ரோமம் கொண்ட சீல் குட்டிகளின் தோலைத் தடை செய்தன. இனுயிட் மக்கள் வேட்டையாடுவது அந்தக் குட்டிகளை அல்ல. ஆனால் சீல் தோல் என்றாலே வாங்குவதற்கு ஆள் இல்லாமல் போனது. இறைச்சி வீட்டுக்கு, தோல் விற்ற காசு பெட்ரோலுக்கும் தோட்டாவுக்கும் என்று ஓடிய குடும்பக் கணக்கு உடைந்தது. 2009ல் வந்த ஐரோப்பியத் தடையில் இனுயிட் மக்களுக்கு விலக்கு இருந்தும் சந்தை பழையபடி எழவில்லை. இக்காலுயிட்டைச் சேர்ந்த இயக்குநர் அலெத்தியா அர்னாகுக்-பாரில் 2016ல் எடுத்த 'ஆங்ரி இனுக்' ஆவணப்படம் இந்த வலியைத்தான் பேசுகிறது.

கரிபூவின் கதை வேறு. பாஃபின் தீவில் அவற்றின் எண்ணிக்கை மிகவும் குறைந்துபோனதால் 2015ல் வேட்டை நிறுத்தப்பட்டது. பிறகு கட்டுப்பாடுகளோடுதான் அனுமதி வந்தது. மான் குறைந்தால் தோலும் குறையும். தோல் குறைந்தால் தைத்துப் பழகும் வாய்ப்பும் குறையும்.

ஆனாலும் ஊசி இன்னும் கீழே விழவில்லை. இக்காலுயிட்டில் உள்ள நூனவுட் ஆர்க்டிக் கல்லூரியில் ரோம உடைத் தயாரிப்பு ஒரு பாடமாகவே நடத்தப்பட்டு வருகிறது. ஏப்ரலில் நடக்கும் 'டூனிக் டைம்' திருவிழாவுக்கு ஊரே சீல் தோலும் பின்னல் வேலையுமாக வந்து நிற்கும். பனி வீடு கட்டும் போட்டியும் உண்டு. பார்க்கப் போகிறவர்களுக்கும் மார்ச், ஏப்ரல்தான் ஏற்ற காலம். பனி இருக்கும், பகலும் நீளமாக இருக்கும். டிசம்பரில் போனால் சூரியன் நான்கரை மணி நேரம்கூட முழுசாகத் தங்குவதில்லை.

பெரிய விலங்குகளை வெளியூர்க்காரர்கள் நினைத்தவுடன் வேட்டையாட முடியாது. உரிமமும் உள்ளூர் வழிகாட்டியும் வேண்டும். உடன் போய்ப் பார்க்க மட்டும் விரும்புகிறவர்கள், குளிர் உடையும் காலணியும் வாடகைக்குக் கிடைக்குமா என்று பயண ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

அங்கே போக முடியாதவர்கள் டொரன்டோவின் பாட்டா காலணி அருங்காட்சியகத்தில் இந்தக் காலணிகளைப் பார்க்கலாம். நம் ஊரில் பள்ளிக்கூட ஷூவுக்குப் பெயர்போன அதே பாட்டா குடும்பத்தின் சோன்யா பாட்டா உருவாக்கியது அது. 1995ல் திறந்தது. வடதுருவ மக்களின் காலணிகளுக்கு அங்கே பெரிய சேகரிப்பே உண்டு. பல பகுதிகளில் ஆண்களின் காமிக்கில் கோடுகள் நெடுக்காகவும் பெண்களுடையதில் குறுக்காகவும் இருப்பதைக் கவனிக்கலாம்.

இக்காலுயிட்டிலேயே ஒரு ஜோடி வாங்க நினைப்பவர்கள் இரண்டு விஷயம் நினைவில் வைக்க வேண்டும். சீல் தோல் பொருளை அமெரிக்காவுக்குள் கொண்டுபோக முடியாது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வழியில் எந்த நாட்டில் இறங்குகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, விலை அதிகமாகத் தோன்றலாம். தோலைச் சுரண்டி, காயவைத்து, இளக்கி, வெட்டித் தைத்த பல நாள் உழைப்பு அதில் இருக்கிறது. பேரம் பேசும் முன் காமிக்கின் உள்ளே கைவிட்டுத் தையலைத் தடவிப் பாருங்கள். ஊசி மறுபக்கம் வந்த தடம் ஒன்றுகூட கையில் தட்டுப்படாவிட்டால், தைத்தவர் கேட்ட விலையைக் கொடுத்துவிடலாம்.